தொட்டால் ஒலிக்கும் எட்டுக் குழாய்கள்: டிஜிட்டல் கலை விழாவுக்கு ஓர் ஒலிச்சிற்பம் செய்யும் முழுமையான வழிகாட்டி

ஊடாடும் படைப்பு என்ற பெயரில் கலை விழாக்களில் வைக்கப்படும் பல அமைப்புகளில் ஒரு திரை, ஒரு சென்சார், எங்கோ ஒளிந்திருக்கும் ஸ்பீக்கர் ஆகிய மூன்றும்தான் இருக்கும். பார்வையாளர் கையை ஆட்டுவார், ஏதோ ஒலி கேட்கும். அது தன்னால்தான் வந்ததா, தானாக வந்ததா என்று அவருக்கே தெரியாது. ஒலிச்சிற்பத்தில் அந்தக் குழப்பம் இருக்கக் கூடாது. கை பட்ட அதே நொடியில் கண்ணெதிரே ஓர் உலோகம் அடிபட்டு அதிர வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள அளவுகளும் முடிவுகளும் அந்த ஒரே நோக்கத்துக்காக எடுக்கப்பட்டவை.

நாம் செய்யப்போவது இதுதான். எட்டு அலுமினியக் குழாய்கள் ஒரு சட்டத்தில் தொங்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சாலினாய்டு (மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் தண்டைத் தள்ளும் சுருள்) சுத்தியலாக நிற்கும். கீழே சாய்வான மேசையில் எட்டுத் தொடுதட்டுகள் இருக்கும். தட்டைத் தொட்டால் அதற்கு நேர் மேலே உள்ள குழாய் ஒலிக்கும். பதிவு செய்த ஒலி எதுவும் கிடையாது. குரோஷியாவின் சாதார் கடற்கரையில் 2005-ல் அமைக்கப்பட்ட கடல் ஆர்கனில் அலை தள்ளும் காற்று குழாய்களை ஊதுகிறது. இங்கே அந்த அலையின் வேலையைப் பார்வையாளரின் விரல் செய்கிறது. சால்டரிங் பழக்கமும், அர்டுயினோ என்ற நிரல் ஏற்றும் சிறு பலகையில் சிறு நிரல் எழுதிய அனுபவமும் இருந்தால் போதும்.

வாங்க வேண்டியவை

- அலுமினியக் குழாய்: வெளிவிட்டம் 25 மி.மீ., சுவர்த் தடிமன் 2 மி.மீ. வெட்டிய துண்டுகளின் மொத்த நீளம் 3.9 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் 12 அடி நீளத்தில்தான் கிடைக்கும் என்பதால் இரண்டு வாங்குங்கள். மீதி, மாற்றுக் குழாய்க்கு ஆகும்.
- 12 வோல்ட் தள்ளு வகை சாலினாய்டு, 10 மி.மீ. நகர்வு, திரும்பும் ஸ்பிரிங்குடன்: 8, கூடுதலாக 3
- அர்டுயினோ நானோ: 2 (ஒன்று நிரல் ஏற்றித் தயாராகப் பெட்டியில்)
- எம்பிஆர் 121 தொடு உணர்வி பலகை: 2 (ஒன்று மாற்றுக்கு), ஐ-ஸ்கொயர்-சி லெவல் ஷிஃப்டர் (5 வோல்ட், 3.3 வோல்ட் சிக்னல்களை ஒன்றுக்கொன்று மாற்றுவது): 1
- ஐஆர்எல்இசட் 44 மாஸ்ஃபெட் (சாலினாய்டை இயக்கும் மின்னணு ஸ்விட்ச்): 10, 1என்4007 டயோடு: 10
- 220 ஓம், 47 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 1 மைக்ரோஃபாரட் செராமிக் அல்லது ஃபிலிம் கெப்பாசிட்டர்: தலா 10
- 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர்: 2
- 12 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), தனியாக 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர்
- 3 மி.மீ. அக்ரிலிக் தகடு, செப்புத் தகடு அல்லது அகலமான செப்பு டேப், 18 மி.மீ. பிளைவுட், 25 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 2 மி.மீ. பின்னல் நைலான் கயிறு, ரப்பர் வாஷர்கள்

மாஸ்ஃபெட் வாங்கும்போது பெயரில் உள்ள ‘எல்’ முக்கியம். ஐஆர்எஃப் என்று தொடங்கும் சாதாரண வகையை அர்டுயினோவின் 5 வோல்ட் முழுதாகத் திறக்காது. சுத்தியல் சோம்பலாக அடிக்கும், மாஸ்ஃபெட் சூடாகும். கடைக்காரர் ‘இரண்டும் ஒன்றுதான் சார்’ என்பார். இல்லை.

குழாய்: எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது

இரு முனைகளும் எதிலும் மாட்டாமல் விடப்பட்ட குழாயை அடித்தால் அது வில்லாக வளைந்து நிமிர்ந்து அதிரும். அதன் சுருதி நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். அதாவது, நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி நான்கு மடங்கு ஏறும். புல்லாங்குழல் கணக்கை இங்கே போட்டால் எட்டுக் குழாயும் வீண், ஏனென்றால் அங்கே அதிர்வது காற்று, இங்கே உலோகம். மேலே சொன்ன 25 மி.மீ. குழாய்க்கு, 147-ஐ மீட்டரில் உள்ள நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய ஹெர்ட்ஸ் கிடைத்துவிடும். 600 மி.மீ. குழாய் 408 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். அலுமினியக் கலவைக்குக் கலவை சற்று மாறுவதால் இது தொடக்கக் கணக்கு மட்டுமே.

ஸ்வரங்களுக்கு மோகனத்தை எடுத்துக்கொள்ளலாம். ச, ரி, க, ப, த என்ற ஐந்து ஸ்வரங்களில் அரைச்சுர இடைவெளி எங்கும் இல்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் கண்டபடி தட்டினாலும் காதைக் கடிக்காது. ஏழு ஸ்வரமும் வைத்தால் முதல் பத்து நிமிடம் உங்களுக்குப் பெருமையாக இருக்கும், அதற்குப் பிறகு அரங்கில் இருப்பவர்களுக்குத் தலைவலி. முதல் குழாயின் நீளத்தை, ஸ்வர விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அடுத்த குழாயின் நீளம் வரும்:

- ச: 600 மி.மீ.
- ரி (9/8): 566
- க (5/4): 537
- ப (3/2): 490
- த (5/3): 465
- மேல் ச (2): 424
- மேல் ரி: 400
- மேல் க: 379.5

ஒவ்வொன்றையும் 3 மி.மீ. கூடுதலாக வெட்டுங்கள். நீளத்தைக் குறைத்துச் சுருதியை ஏற்றலாம். இறக்க எளிய வழி கிடையாது, அந்தக் குழாயை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத்தான் வெட்ட வேண்டும்.

வெட்டியதும் சுருதி பார்க்க உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் துளை போட வேண்டும். அதிரும் குழாயில் இரண்டு இடங்கள் மட்டும் அசையாமல் நிற்கும். அவை ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தின் 22.4 சதவீதத் தொலைவில் இருக்கின்றன. 600 மி.மீ. குழாயில் அது 134 மி.மீ., 400 மி.மீ. குழாயில் 90 மி.மீ. அங்கே கயிறு கட்டினால் ஒலி நீளும். 2 செ.மீ. தள்ளிக் கட்டினாலே நாதம் குறுகிவிடும். சந்தேகமிருந்தால் குழாயைப் படுக்கையாக இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டுகள் மேல் வைத்து, மேலே கொஞ்சம் உப்பைத் தூவி, நடுவில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருங்கள். உப்பு ஓடிப்போய் அந்த இரண்டு கோடுகளில் சேரும்.

துளை 3 மி.மீ. போதும், இரு சுவர்களையும் துளைத்து எதிர்ப்பக்கம் வர வேண்டும். பிறகு 6 மி.மீ. டிரில் பிட்டைக் கையில் பிடித்து விளிம்பைச் சுற்றி வழித்துவிடுங்கள். அலுமினியப் பிசிறு கயிற்றை மூன்றே நாளில் அறுக்கும். அறுக்கும் முன் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சலையும் நாதத்தோடு சேர்க்கும்.

இப்போது சுருதி. குழாயைக் கயிற்றில் தொங்கவிட்டு, ரப்பர் தலை கொண்ட கோலால் நடுவில் மெதுவாகத் தட்டி, ஹெர்ட்ஸ் காட்டும் டியூனர் செயலியில் ஒரு நொடி கழித்துப் படியுங்கள். உடனே படித்தால் செயலி ஏமாறும். குழாயின் இரண்டாம் அதிர்வு முதல் அதிர்வைப் போல 2.76 மடங்கு, மூன்றாவது 5.4 மடங்கு. வீணைத் தந்தியில் வருவதுபோல 2, 3 என்ற முழு மடங்குகள் இல்லை. மணிகளுக்கே உரிய அந்த உலோக நிறம் இதனால்தான் வருகிறது, டியூனர் குழம்புவதும் இதனால்தான். நல்லவேளையாக இரண்டாம் அதிர்வுக்குக் குழாயின் நடுப்புள்ளி அசையாத இடம். எனவே சரியாக நடுவில் அடித்தால் அது எழாது, அடிப்படை ஸ்வரம் தெளிவாக வரும்.

அரம் போட்டு இரு முனைகளிலும் சமமாகக் குறையுங்கள். 600 மி.மீ. குழாயில் 1 மி.மீ. எடுத்தால் ஒரு அரைச்சுரத்தின் நூறில் 6 பங்கு ஏறும், 380 மி.மீ. குழாயில் 9 பங்கு. நூறில் 5 பங்கு பிழை வரை காதுக்குத் தெரியாது. அரம் போட்ட சூட்டோடு அளக்காதீர்கள். சூடான அலுமினியம் சுருதி இறங்கிக் காட்டும், ஆறியதும் ஏறிவிடும், பிறகு நீங்கள் கூடுதலாக அராவியது தெரியும். ஐந்து நிமிடம் விடுங்கள். ‘ச’ 408-க்கு 411 வந்துவிட்டால் கவலை வேண்டாம். 411-ஐயே ஆதாரமாக வைத்து மற்ற ஏழையும் அதன் விகிதத்தில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம்

1 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம். எட்டுக் குழாய்களின் நடுப்புள்ளிகளும் தரையிலிருந்து 140 செ.மீ. உயரத்தில் ஒரே கோட்டில் வரட்டும், குழாய்க்குக் குழாய் 10 செ.மீ. இடைவெளி. மேல் விளிம்பை ஒரே வரிசையில் வைத்தால் அழகாகத் தெரியும். ஆனால் அப்போது எட்டுச் சாலினாய்டுக்கும் எட்டு உயரம் தேவைப்படும், வேலை இரட்டிப்பாகும். நடுப்புள்ளியை வரிசைப்படுத்தினால் ஒரே கிடைக்கம்பியில் எல்லாவற்றையும் பூட்டிவிடலாம், மேலும் கீழும் குழாய்கள் கூம்பிச் செல்லும் வடிவமும் நன்றாகவே இருக்கும்.

குழாயை மேல் துளையில் மட்டும் தொங்கவிட்டால் முதல் அடியிலேயே ஊசலாடத் தொடங்கும். அடுத்த அடி விழும்போது குழாய் அங்கே இருக்காது. ஒரு அடி பலமாக, ஒரு அடி காற்றில் என்று போகும் அமைப்புகளில் கோளாறு பெரும்பாலும் நிரலில் இல்லை, இங்கேதான். கீழ்த் துளையிலும் கயிறு கோத்து, கீழ்க்கம்பியில் ஒரு சிறிய ஸ்பிரிங் வழியாக லேசாக இழுத்துக் கட்டுங்கள். விரலால் தள்ளினால் 5 மி.மீ. நகர்ந்து திரும்ப வேண்டும், அவ்வளவு இறுக்கம் போதும்.

அடியில் 120 × 60 செ.மீ. பிளைவுட், அதன்மேல் இரு பக்கமும் சேர்த்து 20 கிலோ மணல் மூட்டை. குழந்தைகள் சட்டத்தைப் பிடித்துத் தொங்குவார்கள், பெரியவர்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். தொடுதட்டு மேசை 85 செ.மீ. உயரத்தில், 20 டிகிரி சாய்வில், கீழே கால் நுழைய இடம் விட்டு இருந்தால் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும்.

சுத்தியலைப் பொருத்துதல்

சாலினாய்டைப் பூட்டும் கம்பிக்கும் அதன் தகட்டுக்கும் நடுவில் 3 மி.மீ. ரப்பர் வாஷர் கட்டாயம். இல்லாவிட்டால் சட்டமே தகரம்போல அதிரும்.

சாலினாய்டின் இரும்பு நுனி குழாயை நேரடியாகத் தொட்டால் ‘கிளங்’ என்று மேல் அதிர்வுகள் மட்டும் கத்தும், இரண்டு நாளில் குழாயில் பள்ளமும் விழும். நுனியில் 4 மி.மீ. தடிமனுள்ள கெட்டி ரப்பர் அல்லது நைலான் மூடி மாட்டுங்கள். ரப்பர் மென்மையான நாதம் தரும், நைலான் பளிச்சென்று இருக்கும். சத்தமான அரங்குக்கு நைலான். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே கல் விரலுக்கு ஒரு குரலும் கட்டைக்கு வேறு குரலும் தரும். ஹம்பி விட்டலர் கோயிலில் தூண்களைத் தட்டவே இப்போது தடை. கோடிக்கணக்கான விரல்கள் கல்லையே தேய்க்கும் என்றால், உங்கள் அலுமினியம் எம்மாத்திரம்? பார்வையாளர் கையில் கோலைக் கொடுக்காமல் சுத்தியலை நாமே வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது இடைவெளி. 10 மி.மீ. நகர்வு உள்ள சாலினாய்டில், ஓய்வில் இருக்கும் நுனிக்கும் குழாய்க்கும் 7 மி.மீ. விடுங்கள். மின்சாரம் சுத்தியலைத் தள்ளிவிட்டு, அது குழாயைத் தொடுவதற்குச் சற்று முன்பே நின்றுவிட வேண்டும். மீதித் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்தாலேயே கடந்து, அடித்து, துள்ளித் திரும்ப வேண்டும். அடித்த பிறகும் மின்சாரம் ஓடினால் நுனி குழாயின் மேலேயே அழுந்தி நாதத்தைக் கொன்றுவிடும். ‘டிங்ங்’ வர வேண்டிய இடத்தில் ‘டொக்’ வரும்.

ஓர் அடிக்கு மின்சாரம் பாயும் நேரத்தை, அதாவது துடிப்பின் நேரத்தைத் தேடும் முறை: 5 மில்லிநொடியில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். முதலில் நுனி குழாயை எட்டாது. பிறகு மெல்லிய ஒலி, பிறகு முழு ஒலி, கடைசியில் ‘டொக்’. மெல்லிய ஒலி தொடங்கும் எண்ணையும், ‘டொக்’ வருவதற்கு இரண்டு முன்னால் உள்ள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 8-க்கும் 18-க்கும் நடுவில் இருக்கும். ஒரே பெட்டியில் வாங்கிய சாலினாய்டுகளும் ஒன்றுபோல இருக்காது, எட்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். எந்த எண்ணிலும் ‘டொக்’ மட்டுமே வருகிறதென்றால் சுருளில் மிஞ்சிய மின்னோட்டம் டயோடு வழியாகச் சுற்றிக்கொண்டு சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கிறது. டயோடுடன் தொடராக, எதிர்த்திசையில் 24 வோல்ட் 5 வாட் ஜீனர் டயோடு ஒன்றைச் சேர்த்தால் மின்னோட்டம் சட்டென்று வடிந்துவிடும்.

மின்சுற்று

முதலில் மல்டிமீட்டரில் சுருளின் தடையைப் பாருங்கள். 8 ஓம் காட்டினால் 12-ஐ 8-ஆல் வகுத்து 1.5 ஆம்பியர். எட்டும் ஒரே நேரத்தில் அடித்தால் 12 ஆம்பியர், நம் எஸ்எம்பிஎஸ் தாங்காது. ஒரே கணத்தில் நாலுக்கு மேல் அடிக்காதபடி நிரலில் தடுத்துவிடலாம், 6 ஆம்பியரோடு முடிந்துவிடும். அடிக்கும் கணத்தில் மின்னழுத்தம் தொய்யாமல் இருக்க, 2200 மைக்ரோஃபாரட் இரண்டையும் மாஸ்ஃபெட் பலகையிலேயே, 12 வோல்ட் நுழையும் இடத்தில் வையுங்கள்.

ஒரு தடத்துக்கான இணைப்பு: 12 வோல்ட் பிளஸ்ஸிலிருந்து சாலினாய்டு, அங்கிருந்து மாஸ்ஃபெட்டின் டிரெய்ன், சோர்ஸ் மைனஸுக்கு. டயோடு சாலினாய்டின் இரு முனைகளுக்குக் குறுக்கே, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். அர்டுயினோவின் 2 முதல் 9 வரையுள்ள பின்களை எட்டுத் தடங்களுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் காலான கேட் பக்கத்தில் மட்டும் வழக்கமான இணைப்பிலிருந்து மாறுகிறோம். அர்டுயினோ பின்னிலிருந்து 220 ஓம், பிறகு தொடராக 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பிறகு கேட். கேட்டிலிருந்து மைனஸுக்கு 47 கிலோ ஓம். காரணம்: நிரல் உறைந்து ஒரு பின் ‘ஆன்’ நிலையிலேயே நின்றுவிட்டால் 18 வாட் சுருள் சில நிமிடங்களில் கருகும். ஃபியூஸ் இதைத் தடுக்காது, ஏனென்றால் ஓடுவது அளவுக்கு மீறிய மின்னோட்டம் அல்ல, அளவுக்கு மீறிய நேரம். தொடர் கெப்பாசிட்டர் இருந்தால் பின் எவ்வளவு நேரம் ‘ஆன்’ ஆக இருந்தாலும் கேட்டின் மின்னழுத்தம் 50 மில்லிநொடி அளவில் வடிந்து மாஸ்ஃபெட் தானாக மூடிக்கொள்ளும். 15 மில்லிநொடித் துடிப்புக்கு இது குறுக்கே வராது. நாலு ரூபாய் கெப்பாசிட்டர், விழாக் கூடாரத்தில் புகை வராமல் காக்கும்.

47 கிலோ ஓமை விட்டுவிட்டால் அர்டுயினோ தொடங்கும் நேரத்தில் கேட் அந்தரத்தில் தொங்கி, எட்டுச் சுத்தியலும் கண்டபடி உதறும்.

அர்டுயினோவுக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர். இரண்டு மின்வழங்கிகளின் மைனஸையும் மாஸ்ஃபெட் பலகையில் ஒரே ஒரு புள்ளியில் சேருங்கள். அந்தப் புள்ளியிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸின் எர்த் முனைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் ஒரு தடித்த வயர் போகட்டும். பாதுகாப்புக்கு மட்டுமல்ல, தொடு உணர்வி நிலையாக வேலை செய்யவும் இது தேவை.

தொடுதட்டுகள்

குழாயையே தொடு உணர்வியாக வைக்கலாமே என்று தோன்றும். தொட்ட விரல் அதிர்வை நிறுத்திவிடும் என்பதால் அது ஒத்துவராது.

60 மி.மீ. விட்டமுள்ள எட்டுச் செப்பு வட்டங்களை வெட்டி, 3 மி.மீ. அக்ரிலிக்கின் அடிப்பக்கம் இருபக்க டேப்பால் முழுப்பரப்பும் ஒட்டும்படி பதியுங்கள். நடுவில் காற்றுக்குமிழ் இருந்தால் அந்தத் தட்டு மந்தமாகிவிடும். வட்டத்துக்கு வட்டம் 30 மி.மீ. இடைவெளி வேண்டும், அதற்கும் குறைந்தால் உள்ளங்கை வைப்பவர் பக்கத்துத் தட்டையும் சேர்த்துத் தூண்டுவார். மேலே பெயிண்ட் அடிக்கலாம், உலோகத் துகள் கலந்த பெயிண்ட் மட்டும் வேண்டாம்.

எம்பிஆர் 121 பலகையை மேசையின் நடுவில் வையுங்கள், எந்தத் தட்டுக்கும் வயர் 35 செ.மீ. தாண்டாது. அந்த வயர்களும் தொடுதலை உணரும் என்பதை மறக்க வேண்டாம். அவற்றைச் சேர்த்துக் கட்டினால் ஒன்றைத் தொட மூன்று ஒலிக்கும். ஒன்றுக்கொன்று 1 செ.மீ. தள்ளி, ஆடாமல், பிளைவுட்டில் ஒட்டிவிடுங்கள். சாலினாய்டு வயர்கள் வேறு பக்கம் போகட்டும், தவிர்க்க முடியாத இடத்தில் செங்குத்தாகக் குறுக்கிடட்டும்.

எம்பிஆர் 121 சில்லு 3.3 வோல்ட்டில் இயங்குவது, நானோ 5 வோல்ட். விலை குறைந்த பலகைகளில் இந்த மின்னழுத்தங்களை இணைக்கும் மாற்றி கிடையாது. நேரடியாக இணைத்தாலும் சில நாள் ஓடும், பிறகு ஓடாது. லெவல் ஷிஃப்டரை நடுவில் வையுங்கள்.

தொடுவரம்பைச் சீரியல் மானிட்டரில் பார்த்து அமையுங்கள். கை படாதபோது அடிப்படை மதிப்புக்கும் தற்போதைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் 0 அல்லது 1 இருக்கும். விரல் வைத்தால் அது எவ்வளவு ஏறுகிறதோ அதில் பாதியைத் தொடு வரம்பாகவும், கால் பங்கை விடு வரம்பாகவும் வையுங்கள். இந்த உணர்விக்கான நிரல் லைப்ரரிகளில் பொதுவாக இருக்கும் 12, 6 என்ற எண்கள் வெறும் உலோகத் தட்டுக்கானவை, அக்ரிலிக் வழியாக அவை கடினமாக இருக்கும். சிறு பிள்ளையின் விரலில் சோதியுங்கள், உங்கள் விரலில் அல்ல.

நிரல் செய்ய வேண்டியவை

தொடுதல் தொடங்கிய கணத்தில் மட்டும் ஒரு அடி. விரல் அங்கேயே இருந்தால் மீண்டும் அடிக்கக் கூடாது. ஒரே குழாய்க்கு இரு அடிகளுக்கு நடுவே குறைந்தது 120 மில்லிநொடி. நாலு சுருளுக்கு மேல் ஒரே கணத்தில் இயங்கினால் மீதியை 20 மில்லிநொடி தள்ளிப் போடுங்கள், யாருக்கும் தெரியாது. துடிப்பு நேரத்தை முன்பு குறித்த இரு எண்களுக்கு நடுவில் ஒவ்வொரு அடிக்கும் சற்றே மாற்றினால் இயந்திரத்தனம் போய்விடும்.

‘டிலே’ கட்டளையை எங்கும் பயன்படுத்தாதீர்கள். ஒரு சுருளுக்காக 15 மில்லிநொடி காத்திருக்கும் நிரல், அந்த நேரத்தில் மற்ற ஏழு தட்டுகளுக்கும் செவிடு. ‘மில்லிஸ்’ எண்ணைக் கொண்டு, ஒவ்வொரு தடத்துக்கும் எப்போது அணைக்க வேண்டும் என்று பட்டியல் வைத்து, சுழற்சியை ஓடவிடுங்கள். விரல் பட்டதிலிருந்து ஒலி வரை 30 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும். 100-ஐத் தாண்டினால் பார்வையாளர் ‘வேலை செய்யவில்லை’ என்று இன்னும் அழுத்தித் தட்டத் தொடங்குவார்.

சிற்பம் யாரும் தொடாமல் தானே வாசித்துக்கொள்கிறதா? பேய் அல்ல. சாலினாய்டு அணையும்போது எழும் மின் இரைச்சலைத் தொடு உணர்வி விரல் என்று எண்ணுகிறது, உடனே இன்னொரு அடி, அதனால் இன்னொரு இரைச்சல். எந்த அடிக்குப் பிறகும் 30 மில்லிநொடிக்குப் புதிய தொடுதலை உடனே நம்பாதீர்கள், அந்த இடைவெளி முடிந்த பிறகும் நீடித்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மைனஸ் ஒரே புள்ளியில் சேர்கிறதா, டயோடு எதுவும் சால்டர் விட்டுப் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று நிமிடம் யாரும் தொடவில்லையென்றால் ஒரு குழாய் மட்டும் மெல்ல ஒருமுறை ஒலிக்கட்டும். கடந்து போகிறவர் திரும்பிப் பார்க்க அது போதும். முழுப் பாட்டு வாசித்துக் காட்டினால் அவர் நின்று வேடிக்கை பார்ப்பார், தொட மாட்டார்.

வாட்ச்டாக் டைமரை 1 நொடியில் இயக்கிவிடுங்கள், நிரல் உறைந்தால் தானே மீளும். பழைய பூட்லோடர் (பலகையில் முதலில் ஓடும் தொடக்க நிரல்) உள்ள நானோ பலகைகள் வாட்ச்டாக் மீட்டபின் தொடங்க முடியாமல் முடிவில்லாமல் மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டே இருக்கும். வீட்டிலேயே வேண்டுமென்று ஒருமுறை உறைய வைத்துப் பாருங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு நாள் ஓட்டம்: ஒவ்வொரு குழாய்க்கும் 4 நொடிக்கு ஒரு அடி, 8 மணி நேரம். குழாய்க்கு 7200 அடி விழும். தளரும் நட்டு, கழலும் ரப்பர் மூடி, சூடாகும் சுருள் எல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

அரங்கில்

விழாக் குழுவுக்கு அனுப்பும் தொழில்நுட்பக் குறிப்பில் இவை போதும்: 2 × 2 மீட்டர் சமதளம், 230 வோல்ட்டில் எர்த் உள்ள ஒரு சாக்கெட், 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான், நேரடி வெயிலும் மழையும் படாத இடம், நடன மேடையிலிருந்து தூரம். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ஆர்ஸ் எலெக்ட்ரானிகா என்ற டிஜிட்டல் கலை விழா 1979-லிருந்து நடந்துவருகிறது. அதுபோன்ற பெரிய விழாக்கள் இந்த விவரங்களை விண்ணப்பத்திலேயே கேட்கும். சிறிய விழாக்கள் கேட்காது, அங்கேதான் நீங்களாகவே அனுப்ப வேண்டும். ஒலிச்சிற்பத்தை ஸ்பீக்கர் கோபுரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் எந்தத் தொழில்நுட்பமும் காப்பாற்றாது.

ஒலி போதவில்லையென்றால் குழாய்களின் கீழ் முனையிலிருந்து 15 செ.மீ. தொலைவில் இரண்டு கண்டென்சர் மைக், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, ஸ்பீக்கரைச் சிற்பத்துக்குப் பின்னால் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். குழாயில் அதிர்வை உணரும் பீசோ தட்டை ஒட்டுவது வேண்டாம், அதன் எடையே சுருதியை இறக்கும்.

இணைப்புக்கு முன் சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று சோதியுங்கள். கூடாரங்களில் மூன்றாவது துளை பல நேரம் அலங்காரத்துக்குத்தான்.

மின்சாரம் போட்டு முதல் ஐந்து நொடி யாரும் மேசையில் கை வைக்கக் கூடாது. கை இருக்கும்போது தொடங்கினால் உணர்வி அதையே ‘யாரும் இல்லை’ என்று கற்றுக்கொள்ளும், பிறகு அந்தத் தட்டு வெகுநேரம் வேலை செய்யாது. தன்னார்வலர்களுக்கு ஒட்டிவைக்கும் காகிதத்தில் இதுதான் முதல் வரி. இரண்டாவது வரி: தட்டு வேலை செய்யாவிட்டால் அணைத்து, பத்து நொடி விட்டு, யாரும் தொடாமல் போடவும். மூன்றாவது: மேசையைத் துடைத்தால் உலர்ந்த துணியால் முடிக்கவும். ஈரப் படலம் இரண்டு தட்டுகளை ஒன்றாக்கிவிடும். மின்சுற்றை விளக்கும் படம் அந்தக் காகிதத்தில் வேண்டாம்.

தினமும் காலையில் பத்து நிமிடம்: எட்டுக் கயிறுகள், எட்டு ரப்பர் மூடிகள், 7 மி.மீ. இடைவெளி. இடைவெளியைப் பார்க்க 7 மி.மீ. டிரில் பிட்டையே அளவுகோலாகச் செருகிப் பாருங்கள்.

ஊர்விட்டு ஊர்

நீளமான குழாய் 60 செ.மீ. மட்டுமே என்பதால் எட்டும் ஒரு சூட்கேஸில் அடங்கும். சட்டத்தை போல்ட் போட்டுக் கழற்றும்படி 90 செ.மீ. துண்டுகளாகச் செய்யுங்கள், அல்லது போகும் ஊரிலேயே செய்யச் சொல்லி வரைபடம் அனுப்புங்கள். மணல் மூட்டைக்கு வெறும் பை மட்டும் எடுத்துப்போனால் போதும். இந்தியாவிலிருந்து கண்காட்சிக்கு எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவரும் பொருட்களுக்கு ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் உண்டு, இந்திய வணிகக் கூட்டமைப்பான ஃபிக்கி வழங்குகிறது. அதில் எழுதும் பட்டியலும் பெட்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும், உதிரி சாலினாய்டு மூன்றையும் சேர்த்து.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் 115/230 என்று ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். வட அமெரிக்காவில் 115-க்கு மாற்றி ஓட்டிவிட்டு, அதை மறந்து 230 வோல்ட் ஊரில் செருகினால் முதல் நொடியிலேயே வெடித்துவிடும். பெட்டி கட்டும்போதே 230-க்குத் திருப்பி, ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டி, அதன்மேல் எண்ணை எழுதிவிடுங்கள்.